ராக்கெட்டுக்கு வந்த மஞ்சக்காமாலை

மேலகரத்துக் கல்யாணப் பெண் ஒருத்தி, இரண்டு கண்களிலும் வெள்ளரிக்காய் வில்லைகளோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். முகம் முழுக்கக் கடலை மாவும் தயிரும். நான் கழுத்துக்குப் பூசிக்கொண்டிருந்தேன். அப்போது பார்லர் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இருமல் கேட்டது.

ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பதால், என் கணவர் நசீர் எதையாவது கேட்க வேண்டுமென்றால் முதலில் இருமுவார்.

"சபீனா, உன்ட்ட இருக்கதுலயே நல்ல சன்ஸ்கிரீன் எது?"

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வளைகுடா வெயிலில் அத்தனை வருஷம் வேலை பார்த்தபோதும் முகத்தில் ஒன்றும் பூசாத மனிதர். ஊருக்கு வந்து, அதுவும் குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் தூறிக்கொண்டிருக்கிற நேரத்தில், சன்ஸ்கிரீன் கேட்கிறார். என்னோடு வாழ்ந்ததில் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டதே என்று நினைத்தேன்.

"மேல் தட்டுல நீல மூடி போட்டது இருக்கும், மச்சான். எடுத்துப் பூசிக்கோங்க. மூஞ்சிக்கு மட்டும் பூசாதீங்க, கழுத்துக்கும் பூசணும்."

"அதுக்குக் கழுத்து இல்லயே."

"எதுக்கு?"

"ராக்கெட்டுக்கு."

கல்யாணப் பெண் சிரித்த சிரிப்பில், முகத்தில் காய்ந்திருந்த மாவு வாய்க்கால் வாய்க்காலாக வெடித்தது. ஒரு வெள்ளரிக்காய் கீழே விழுந்தது. எல்லாவற்றையும் கழுவி மறுபடி முதலிலிருந்து பூச வேண்டியதாயிற்று.

முகமில்லாத வாடிக்கையாளர்

இந்தத் தொடரில் இதுவரை என் பார்லருக்கு வந்துபோன முகங்களைப் பற்றியே எழுதியிருக்கிறேன். போன வாரம் புருவம் திருத்தும்போது அழுத வக்கீலம்மாவைப் பற்றி எழுதியதற்கு, வக்கீல்கள் அழ மாட்டார்கள் என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டிருக்கிறார். அழுவார்கள். நூலை வைத்துப் பிடுங்கினால் யாராக இருந்தாலும் அழுவார்கள்.

இந்த வாரம் முகமே இல்லாத ஒரு வாடிக்கையாளர்.

எங்கள் தெருவில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத வீடு குறைவு. திரும்பி வருகிறவர்கள் என்ன கொண்டுவருவார்கள் என்பது தெருவுக்கே தெரியும். கம்பளி, பால் பவுடர், சென்ட், தலைவலித் தைலம். நசீர் மட்டும் ராக்கெட் கொண்டுவந்தார்.

விளையாட்டு ராக்கெட்தான். அட்டைக் குழாயில் உடம்பு, மெல்லிய மரத்தில் வெட்டிய இறக்கைகள், பிளாஸ்டிக் மூக்கு. நிறுத்தினால் என் இடுப்பு வரைக்கும் வரும். உடம்பு முழுக்கப் பளீரென்று வெள்ளை, நடுவில் ஒரு நீலப் பட்டை. வயிற்றுக்குள் மடித்து வைத்த பிளாஸ்டிக் பாராசூட்.

நசீர் அங்கே ஏசி மெக்கானிக். அவரோடு ஒரே அறையில் இருந்தவர் புனலூர்க்காரர் பிஜு. லீவு நாளில் மற்றவர்கள் தூங்குவார்கள், துணி துவைப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஊருக்கு வெளியே மணல்காட்டில் ராக்கெட் விடுகிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். இந்த ராக்கெட்டையும் இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் செய்தார்கள். அறையின் குளியலறையில் கட்டித் தொங்கவிட்டு வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். அதன் பிறகு அந்தக் குளியலறையில் குளித்தவர்கள் எல்லாம் கொஞ்ச நாள் வெள்ளைக் குதிகாலோடு நடந்தார்களாம்.

வீடியோ காலில் எனக்குக் காட்டுவார். "பாரு, பாரு, பாரு!" என்று கத்துவார். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் திரையில் வெறும் வானம் இருக்கும். "பாத்தியா?" என்பார். "பாத்தேன்" என்பேன். இப்படியாகப் பல வருஷம் நான் அரபு நாட்டு வானத்தை நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

விமான நிலையத்தில் சொல்லக்கூடாத சொல்

கதையை விட்டு ஒரு நிமிடம் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய்விட்டு வருகிறேன்.

நசீர் வேலையை முடித்துக்கொண்டு மொத்தமாக ஊர் திரும்பிய நாள். நீளமான அட்டைப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார். ஓர் அதிகாரி நிறுத்தி, உள்ளே என்ன என்று கேட்கிறார்.

பொம்மை என்று சொல்லியிருக்கலாம். அலங்காரப் பொருள் என்று சொல்லியிருக்கலாம். என் கணவருக்குப் பொய் வராது. "ராக்கெட்" என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் இரண்டடி நகர்ந்தார்கள். இன்னும் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். பெட்டியைப் பிரித்தார்கள்.

"இது வெடிக்குமா?"

"இன்ஜின் இல்ல சார். வெறும் கூடு."

"இன்ஜின் இல்லாத ராக்கெட்டை எதுக்குக் கொண்டு போறீங்க?"

"பாக்கதுக்கு சார்."

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர் ராக்கெட்டைத் தோளில் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டு அனுப்பி வைத்தாராம். வெளியே காத்திருந்த எனக்கு இது எதுவும் தெரியாது. ஏதோ உயரமான மிக்ஸி வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கையாட்டினேன்.

பந்தயம்

இரண்டு பேர் சேர்ந்து செய்த ராக்கெட் ஒருவர் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். காசு சுண்டிப் பார்த்தார்கள். நசீருக்கு விழுந்தது. பிஜுவுக்கு மனசே இல்லை. அரைத் தமிழும் அரை மலையாளமுமாக அவர் சொன்னாராம்:

"நசீரே, உன்டெ வீட்டுல தினமும் மீன் வறுக்கும். புகை வரும். கொறச்சு நாள் கழிஞ்ஞா இது மஞ்ஞ ஆகும். பாவம் ராக்கெட்டு."

"ஒரு பொட்டு மஞ்சள் வராம வச்சிருப்பேன்."

"வந்தா?"

"வந்தா நீ எடுத்துட்டுப் போ."

ஆகவே எங்கள் வீட்டில் அந்த ராக்கெட்டுக்கு ராஜ மரியாதை. ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் நின்றது. வெயில் பட்டால் பெயிண்ட் மஞ்சளாகும் என்று நசீர் ஜன்னலுக்குத் தடித்த திரை தைக்கச் சொன்னார். பகலிலும் ஹாலில் லைட் போட்டுத்தான் நடப்போம். விருந்தாளிகள் கால் இடறி சோபாவில் விழுந்துதான் உட்காருவார்கள். மீன் வறுவல் மொட்டை மாடிக்குப் போனது. சாம்பிராணி தெருவாசலோடு நின்றது.

ஊருக்கு வந்த பிறகு நசீருக்கு அதிகம் வேலையில்லை. தெரிந்தவர்கள் வீட்டு ஏசியைப் பார்த்துக் கொடுப்பார். மீதி நேரமெல்லாம் மெல்லிய துணியால் ராக்கெட்டைத் துடைப்பார். தினமும் ஒன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய நண்பர்கள் இப்போது போனில் பூப்படம் போட்ட காலை வணக்கம் மட்டும் அனுப்பிக்கொண்டார்கள். அதில் என்ன பேச முடியும்? இவர் ஒரு ரோஜா அனுப்புவார். அங்கிருந்து ஒரு தாமரை வரும்.

மாமியின் புதுக் கண்

மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, அந்தச் சமயம் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். வழியெல்லாம் ஒரே வியப்பு. "கோயில் கோபுரம் இம்புட்டுப் பக்கத்துலயா இருந்துச்சு?" என்றார். என்னைப் பார்த்து, "ஏட்டி, உனக்கு இம்புட்டு நரையா?" என்றார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஹாலுக்குள் நுழைந்தவர் அலமாரி முன்னால் நின்றுவிட்டார்.

"ஏலே நசீரு, இது ஏன்லே மஞ்சளா இருக்கு?"

"எதும்மா?"

"உன் ராக்கெட்டு."

"ஆபரேஷன் பண்ணுன கண்ணு, அப்படித்தாம்மா தெரியும். ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"எனக்கு உன் சட்டை வெள்ளையாத் தெரியுதுல்லா? சுவரு வெள்ளையாத் தெரியுதுல்லா? அது மட்டும் மஞ்சளாத் தெரியுது. மஞ்சக்காமாலை வந்த பிள்ளை மாதிரி நிக்குது."

நசீர் திரையை விலக்கினார். பல நாளைக்குப் பிறகு ஹாலுக்குள் பகல் வந்தது. சட்டையைக் கழற்றி ராக்கெட் பக்கத்தில் பிடித்தார்.

பழைய யானைத் தந்த நிறம். தினமும் பார்த்துப் பார்த்து எங்கள் கண்ணும் அதோடு சேர்ந்து மஞ்சளாகிப் போயிருக்கிறது. புதுக்கண் வந்தவருக்குத்தான் உடனே தெரிந்தது.

இவர் பனியனோடு நின்றுகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பிஜு. ரோஜாவும் தாமரையும் இல்லாமல் நேரடிக் குரல். "நசீரே! இந்தக் கொல்லம் சாரலுக்கு ஞானும் லிசியும் குற்றாலம் வரும். அடுத்த மாசம். நம்முடெ ராக்கெட்டு சுகம் தன்னே?"

இந்த வருஷம் என்பதைத்தான் அவர் இந்தக் கொல்லம் என்பார். நசீர் ராக்கெட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சுகமா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய்.

வைத்தியங்கள்

அதற்கு மறுநாள்தான் அந்த சன்ஸ்கிரீன் கேள்வி.

பூசினார். நெற்றி முதல் இறக்கை வரை தாராளமாகப் பூசினார். சாரல் ஈரத்தில் அது காயவே இல்லை. பார்லரிலிருந்து பறந்து வந்த முடித் துணுக்கெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் ராக்கெட்டுக்கு மீசையும் தாடியும் முளைத்திருந்தது. சோப்புத் தண்ணீர் போட்டு நானே கழுவிவிட்டேன்.

மாமி தன் பங்குக்குக் கீழாநெல்லி அரைத்துத் தரத் தயாராக இருந்தார். "உள்ளுக்குக் குடுக்க முடியாட்டாலும் மேலுக்குப் பத்துப் போடலாம்லா?" என்றார். பச்சையாகிவிடும் என்று நசீர் பயந்து மறுத்துவிட்டார்.

அடுத்து பெயிண்ட் கடை அண்ணாச்சி. ராக்கெட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நசீர் கடைக்குப் போனார். அண்ணாச்சி நிறங்களின் அட்டையை விரித்து, ஒவ்வொரு வெள்ளையாக ராக்கெட்டின் மேல் வைத்துப் பார்த்தார். மல்லிகை வெள்ளை, முத்து வெள்ளை, பால் வெள்ளை. எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"இந்தா பாருங்க, ஐவரி. அச்சு அசல் ஐவரி. வாங்கும்போதே ஐவரிதான்னு சொல்லிருங்க பாய், பிரச்சனை முடிஞ்சிது."

"நாங்க ரெண்டு பேரும் சேந்து அடிச்ச பெயிண்ட், அண்ணாச்சி. அவனுக்குத் தெரியாதா?"

"அப்பம் மேல ஒரு கோட்டிங் வெள்ளை அடிச்சிருவோமா?"

நசீருக்கு அது பிடிக்கவில்லை. பிஜு கையால் அடித்த பெயிண்ட் உள்ளே போய்விடும். நீலப் பட்டையில் ஓரிடத்தில் பிஜுவின் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. காய்வதற்கு முன்னால் தொட்டுப் பார்த்தது. அதையும் மறைத்துவிட்டால் அது வேறு ராக்கெட் என்றார். அண்ணாச்சி ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

சரி, வெளுக்க வைக்கிற வேலை என் வேலையல்லவா என்று நான் இறங்கினேன். தலைமுடிக்குச் சாயம் போடும்போது கலக்கிற டெவலப்பர் கிரீம் என்னிடம் இருந்தது. கறுப்பு முடியையே வெளுக்க வைக்கிற சாமான். சோதனைக்காக மூக்கில் மட்டும் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, சாரல் விட்ட நேரம் பார்த்து மாடியில் வைத்தேன். சாயங்காலம் பிரித்தால் மூக்கு பால் போல வெளுத்துவிட்டது!

உற்சாகத்தில் உடம்பிலும் ஓர் ஓரமாகப் பூசிப் பார்த்தேன். உடம்பு அசையவில்லை. மூக்கு பிளாஸ்டிக்; உடம்பில் இருந்தது பெயிண்ட். பிளாஸ்டிக் கேட்ட பேச்சைப் பெயிண்ட் கேட்கவில்லை.

முகத்துக்கு மட்டும் பூசி, கழுத்தை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் ராக்கெட் அப்படி நின்றது. முன்பு மஞ்சள் மட்டும்தான். இப்போது மஞ்சள் என்று யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

என் மேல் விழுந்த பழி

நசீர் போனில் தேடித் தேடிப் படித்தார். ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"கண்டுபிடிச்சிட்டேன். அம்மோனியா."

"என்னது?"

"நீ தலைக்கு டை அடிக்கும்போது ஒரு வாடை வருதுல்லா, அதுதான். அந்த வாடை பட்டா இந்த மாதிரி எண்ணெய் பெயிண்ட் மஞ்சளாகுமாம். உன் பார்லராலதான் இவ்வளவும்."

எங்கள் வீட்டின் முன்னறைதான் பார்லர். அடுத்தது ஹால். நடுவில் ஒரு திரைச்சீலை.

நான் கரண்டியை வைத்தேன். "அந்த வாடைலதான் இந்த வீட்டுல சோறு வேகுது, மச்சான்" என்றேன்.

அவர் சாப்பிட்டு எழுந்து, கிழிந்த குடையிலிருந்து கறுப்புத் துணியைப் பிரித்தெடுத்து, ராக்கெட்டை அதில் சுற்றி, பீரோவுக்குள் என் பட்டுப் புடவைகளுக்கு நடுவே நிற்க வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெயில் படாது, புகை படாது, என் வாடையும் படாது.

இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். அவசியமானதை மாமி வழியாகச் சொல்லிக்கொண்டோம். மாமி பாதியை மறந்துவிடுவார், மீதியை மாற்றிச் சொல்வார். ஒருநாள் நான் தயிர் வாங்கச் சொன்னதற்கு நசீர் தைலம் வாங்கி வந்தார்.

இந்தச் சண்டை முடியக் காரணம் ஒரு வளைகாப்பு. செங்கோட்டையில் என் சிநேகிதியின் மகளுக்கு. பட்டுப் புடவை வேண்டும். சாவியைக் கேட்டால் பேச வேண்டியிருக்கும். கேட்டேன். அவரே வந்து பீரோவைத் திறந்தார். துணியை விலக்கிப் பார்த்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

முன்பு யானைத் தந்த நிறம். இப்போது மோர்க்குழம்பு.

"பூட்டி வச்சும் இப்படி ஆயிட்டே, சபீனா" என்றார். "பிஜு வந்து எடுத்துட்டுப் போட்டும். எனக்கு வச்சிக்கத் தெரியல."

அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பார்லரின் தெருப்பக்கத்து ஜன்னலில், கல்யாணப் பெண்களின் படங்களுக்கு நடுவில் ராக்கெட்டைக் கொண்டுபோய் வைத்தேன். போகிறதாவது நாலு பேர் பார்க்கப் போகட்டும் என்றுதான். வேறெந்த யோசனையும் இல்லை.

ஷவர்மா முறை

வாடிக்கையாளர்கள் அதை முடி காயவைக்கிற புது மெஷின் என்று நினைத்தார்கள். ஆலங்குளத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியை, "இதுக்குள்ள தலைய விடணுமாக்கா?" என்று கேட்டார்.

கொஞ்ச நாள் போயிருக்கும். கூட்டுவதற்காக ராக்கெட்டைத் தூக்கித் திருப்பி வைத்தேன். கையிலிருந்த துடைப்பம் விழுந்தது.

தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் வெள்ளை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் மோர்க்குழம்பு.

"மச்சான்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் இருமாமலே உள்ளே ஓடிவந்துவிட்டார். நல்லவேளை, யாரும் இல்லை.

திரும்பவும் போனில் தேடினார். இந்த முறை நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். விஷயம் இதுதான்: எண்ணெய் கலந்த எனாமல் வெள்ளைக்கு இருட்டுதான் எதிரி. வெளிச்சம் இல்லாத இடத்தில் அது தானாக மஞ்சளாகும். வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் திரும்பி வெளுத்துவிடும். வேறு சில பூச்சுகளுக்குத்தான் வெயில் ஆகாது. நசீர் படித்ததெல்லாம் அந்தப் பூச்சுகளின் கதை. தடித்த திரை போட்டு, அலமாரிக்குள் வைத்து, கடைசியில் பீரோவிலும் பூட்டி, தன் கையாலேயே மஞ்சள் பூசியிருக்கிறார்.

"அப்பம் அம்மோனியா?" என்றேன்.

"அதுவும் கொஞ்சம் உண்டு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. ஆகக் குற்றம் இரண்டு பேருக்கும் பொது. டை அடிக்கும்போது மின்விசிறியைத் தெருப்பக்கம் திருப்பி வைப்பதென்றும், ஹால் ஜன்னல் திரையைக் கழற்றுவதென்றும் சமாதானமானோம். அந்தத் திரைத் துணியில் மாமிக்குத் தலையணை உறை ஆனது.

பிறகு தினமும் ராக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்தோம். ஷவர்மா கடையில் கறியைச் சுற்றுவதைப் போல எல்லாப் பக்கமும் ஒரே சீராக வேக வேண்டும். நசீர் திருப்புவார், நான் பார்ப்பேன், மாமி தன் புதுக்கண்ணால் மேற்பார்வை செய்வார். "இன்னும் இடுப்புப் பக்கம் மஞ்ச இருக்குலே" என்பார். சாரல் மேகம் சூரியனை மறைக்கும்போதெல்லாம் நசீர் வாசலில் நின்று வானத்தை முறைப்பார். குற்றாலத்தில் தண்ணீர் விழ வேண்டும் என்று ஊரே வேண்டிக்கொண்டிருக்க, மேகம் கலைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

முண்டும் ராக்கெட்டும்

பிஜுவும் அவர் மனைவி லிசியும் கொல்லத்து ரயிலில் வந்து இறங்கினார்கள். நேராகக் குற்றாலம். நசீரும் கூடப் போனார். ஐந்தருவியில் கூட்டம் என்று பழைய குற்றாலத்துக்குப் போயிருக்கிறார்கள். பிஜு உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி, ஒரு மணி நேரம் அருவிக்கு முதுகைக் கொடுத்துவிட்டு, பசியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். புது வெள்ளை முண்டு கட்டியிருந்தார்.

பிரியாணியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "எவிடே?" என்றார்.

ராக்கெட்டை ஹாலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம். பிஜு சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு, நாங்கள் யாரும் எதிர்பார்க்காத விதமாக, தன் முண்டின் நுனியைத் தூக்கி ராக்கெட்டோடு சேர்த்துப் பிடித்தார்.

குற்றாலத்து எண்ணெய் முழுவதும் முண்டில் இறங்கியிருந்தது. அதன் பக்கத்தில் ராக்கெட் பளிங்கு போல ஜொலித்தது.

"அய்யோ! இது புத்தன் போலெ உண்டல்லோ!" புத்தன் என்றால் அவர் பாஷையில் புதுசு.

லிசிக்கு ராக்கெட் கண்ணிலேயே படவில்லை. அவர் முண்டைத்தான் பார்த்தார். "புது முண்டு! எண்ண தேய்க்கும்போ மாற்றணும்னு ஞான் பறஞ்ஞில்லே?" என்று ஆரம்பித்தவரை, மாமி பிரியாணித் தட்டைக் கையில் கொடுத்துத்தான் நிறுத்தினார்.

பந்தயம் ஜெயித்தாயிற்று. நான் நசீருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் முகம் சரியில்லை. என் காலை அவர் காலின் மேல் வைத்து அழுத்தினேன். பிரயோஜனமில்லை.

"பிஜு, இது மஞ்சளாயிட்டுடே. நீ போன் பண்ணும்போது மஞ்சளாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

சன்ஸ்கிரீனிலிருந்து பீரோ வரை ஒன்று விடாமல் சொன்னார். பிஜு சிரிக்க ஆரம்பித்தவர், மீசை முளைத்த இடம் வந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ ராக்கெட்டு எனக்கு" என்றார்.

"இப்ப வெள்ளையால்லா இருக்கு?" என்றேன் நான்.

"மஞ்ஞ ஆனா எனக்கு. அங்ஙனயாணு பேச்சு."

"ஆயிட்டுத் திரும்பிட்டே!"

லிசி எங்கள் பக்கம் பேசினார். முண்டுக் கோபம் இன்னும் தீரவில்லை. நசீரோ பிஜு பக்கம் பேசினார். யார் யாருக்காக வாதாடுகிறார்கள் என்றே தெரியாமல் ஹால் சந்தைக்கடை ஆகிவிட்டது. கடைசியில் எல்லோரும் மாமியைப் பார்த்தோம். முதலில் மஞ்சளைக் கண்டுபிடித்தவர் அவர்தானே.

மாமி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"இப்பம் இவரு கொண்டு போட்டும். கிறிஸ்மஸுக்கு நீ புனலூருக்குப் போய் எடுத்துட்டு வாலே. அடுத்த சாரலுக்கு இவரு வந்து கொண்டு போட்டும். பார்சல்ல போட்டு அனுப்பப்படாது. ஆளு வந்துதான் எடுக்கணும்."

நண்பர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிஜு முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு பிரியாணிக்கு உட்கார்ந்தார்.

செங்கோட்டையில்

இரண்டு நாள் கழித்து, கேரள எல்லைப் பக்கத்து பார்டர் கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, செங்கோட்டையில் அவர்களை ரயிலேற்றினோம். ராக்கெட்டைப் பெட்டியில் போடக் கூடாது என்று நசீர் சொல்லிவிட்டார். அது ஜன்னலோரத்தில், பிஜுவுக்கும் லிசிக்கும் நடுவில் நின்றுகொண்டு பயணம் செய்தது.

வண்டி நகர்ந்தது. நசீர் கூடவே நடந்தார், பிறகு ஓடினார்.

"பிஜு! ஒரு பக்கமே வெளிச்சம் படுதுடே! தென்மலை வந்ததும் திருப்பி வையி!"

"வைக்காம்! வைக்காம்!" வைக்க மாட்டேன் என்றல்ல, வைக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

"அடுக்களைப் பக்கம் வைக்காத! அடுத்தாப்ல ஒண்ணு செஞ்சா தண்ணி பெயிண்ட் அடிப்போம், அது மஞ்சளாகாது!"

"செய்யாம் நசீரே! கிறிஸ்மஸுக்கு வா, செய்யாம்!"

பிளாட்பாரம் முடிந்துவிட்டது. மூச்சிரைக்கத் திரும்பி வந்தவர் பாதி வழியில் நின்றார்.

"சபீனா, அந்த லைன்ல குகை இருக்குல்லா?"

"இருக்கு."

"குகைக்குள்ள இருட்டால்லா இருக்கும்?"

ஐந்து நிமிட இருட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் போன் போட்டார். மலைக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, குகைக்குள் வெளிச்சம் அடிக்கச் சொல்லிச் செய்தி தட்டி அனுப்பினார்; அது எப்படியோ போய்விட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று நான் இரண்டு முறை எழுந்தேன். அவர் எழவில்லை.

ரொம்ப நேரம் கழித்துப் போன் சிணுங்கியது. பிஜு ஒரு படம் அனுப்பியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. நடுவில் ராக்கெட். லிசி தன் போன் விளக்கை அதன் மேல் அடித்துக்கொண்டிருக்கிறார். எதிர் சீட்டுக்காரர்களும், பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களும், பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த ஒரு பெரியவரும்கூட, ஆளுக்கொரு போனைத் தூக்கி வெளிச்சம் காட்டுகிறார்கள். அத்தனை பேர் முகத்திலும் சிரிப்பு.

நசீர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்து அவர் தோளில் கை வைத்தேன்.

"வலது இறக்கைல வெளிச்சம் பத்தல" என்றார். உடனே பிஜுவுக்குத் தட்ட ஆரம்பித்தார்.